கடல் இல்லாத மீனவர் ஊரிலிருந்து

ஆம்ஸ்டர்டாம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் மார்க்கன் என்ற பழைய மீனவர் ஊருக்குப் போய்வந்தேன். அங்கிருந்த ஒவ்வொரு நிமிடமும் உங்களை நினைத்துக்கொண்டே இருந்ததால் இக்கடிதம் சற்று நீளும்.

மார்க்கன் 1957 வரை தீவாக இருந்தது. அதன் பிறகுதான் கரையோடு சாலை இணைந்தது. வெள்ளத்துக்கு அஞ்சி மண்மேடுகளை எழுப்பி அவற்றின்மேல் வீடு கட்டியிருக்கிறார்கள். மேட்டில் இடம் போதாமல் போனபோது மரத்தூண்களை நட்டு, அவற்றின்மேல் பச்சையும் கறுப்புமாகப் பலகை வீடுகளை அமைத்தார்கள்.

அருங்காட்சியகம் மிகச் சிறியது. புகைபோக்கி இல்லாத பழைய மீனவர் வீடுகள் சிலவற்றைச் சேர்த்து அமைத்திருக்கிறார்கள். அடுப்புப் புகை கூரைத் துளை வழியே வெளியேறும். உத்தரத்தில் தொங்கும் மீனும் வலையும் அந்தப் புகையிலேயே பதப்படும். சுவருக்குள் அலமாரிபோல் அடைத்த படுக்கையையும், பூவேலை செய்த உடைகளையும் பார்த்தேன். ஏழு வயதுவரை ஆண்பிள்ளைகளுக்கும் பாவாடைதான் உடுத்துவார்களாம்.

என் மனம் நின்றது அந்த ஊர்க் கடலின் கதையில்தான். 1916 ஜனவரியில் புயல் வெள்ளம் கரைகளை உடைத்துப் புகுந்து, இந்தச் சிற்றூரில் மட்டும் 16 பேரைக் கொண்டுபோனது. பொறியாளர் கொர்னேலிஸ் லேலி முன்பே வகுத்திருந்த திட்டத்துக்கு 1918-இல் சட்டம் வந்தது. 1932-இல் 32 கிலோமீட்டர் நீள அணை எழும்பி சைடர்சே என்ற அந்தக் கடல்வாயை அடைத்தது. உப்புநீர் மெல்ல மெல்ல நன்னீரானது. நம் மத்தியின் இனமான ஹெர்ரிங்கும், நெத்திலியும் இல்லாமல் போயின, விலாங்கு மிஞ்சியது. 2004 சுனாமிக்குப் பிறகு கடலைவிட்டு உள்ளே குடியேறச் சொன்னபோது நீங்கள் மறுத்ததற்காக உங்கள்மேல் கோபப்பட்டேன், அப்பா. இங்கே உயிர்களைக் காக்கக் கட்டிய அணைதான் பிழைப்பையும் பறித்தது என்று அறிந்தபோது, அன்று உங்களுக்கு இருந்த அச்சம் இப்போதுதான் எனக்குப் புரிந்தது. அணை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்கான விலையை அந்த மீனவர்களே கொடுத்தார்கள்.

அருங்காட்சியகத்தில் தொண்டாற்றும் முதியவர் ஒருவர், முன்னோர் பருத்தி வலை மக்காதிருக்கக் காசுக்கட்டி கரைத்த கொதிநீரில் தோய்த்ததைச் சொன்னார். நம் வீட்டு வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் அதே காசுக்கட்டி, கப்பலேறி இவ்வளவு தூரம் வந்து வலைக்குச் சாயமாகியிருக்கிறது! தாத்தா காலத்தில் வலைக்குப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றுவார்கள் என்று நீங்கள் சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் உடனே ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, காயை இடித்து எத்தனை நாள் ஊறவைப்பார்கள், வலையை எத்தனை முறை தோய்ப்பார்கள் என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. மறக்காமல் அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுங்கள். நான் அவருக்கு மொழிபெயர்த்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்
செல்வி