அந்தப் பெயரைச் சரியாகப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழ் தொடங்கிய நாளிலிருந்து சந்தா கட்டி வாசிப்பவள் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சென்ற இதழில் தற்காப்புக் கலைகள் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "காஞ்சியிலிருந்து போதிதர்மர் கொண்டுபோன கலைதான் குங்ஃபூ, கராத்தே, ஜூடோ, ஐகிடோ என்று பெயர் மாறி உலகை வலம் வருகிறது." அதற்கு அடுத்த பத்தியில், ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையை உருவாக்கியவரின் பெயர் "உஷிபா" என்று பாதியாக அச்சாகியிருக்கிறது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

2004 முதல் பாரிஸ் புறநகரில் ஒரு மாநகரசபை விளையாட்டு மண்டபத்தில் கிழமைக்கு இரண்டு நாள் ஐகிடோ பழகுகிறேன். ஒவ்வொரு வகுப்பும் முழந்தாளிட்டு ஒரு கிழவரின் படத்தை வணங்கித்தான் தொடங்கும். அவர்தான் மோரிஹெய் உயெஷிபா. 1883இல் தனபேயில் பிறந்து 1969 ஏப்ரலில் மறைந்தவர். அவரிடம் பயின்ற நொபுயோஷி தமுரா 1964இல் பிரான்சுக்கு வந்து, 2010இல் இறக்கும்வரை இங்கேயே சொல்லிக்கொடுத்தார். தமுராவின் பயிற்சி முகாம்களில் வளர்ந்தவர் என் ஆசிரியர். உயெஷிபாவுக்கும் எனக்கும் இடையில் இரண்டே பேர். என் மணிக்கட்டை ஆசிரியர் பிடித்துத் திருத்தும்போது அந்த இரண்டு கைகளையும் தாண்டி மூன்றாவது கை ஒன்று இருப்பதாகவே நினைப்பேன். அந்தக் கைக்குரியவரின் பெயரைத்தான் தாங்கள் பாதியாக்கியிருக்கிறீர்கள்.

போதிதர்மரைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பழைய சீனக் குறிப்பொன்று அவரைத் தென்னிந்தியர் என்கிறது, இன்னொன்று பாரசீகர் என்கிறது. இரண்டிலும் சண்டைப் பயிற்சி பற்றி ஒரு சொல்லும் கிடையாது. அவரை அதனோடு முடிச்சுப் போட்டது 17ஆம் நூற்றாண்டில் எழுந்த யிஜின்ஜிங் என்ற உடற்பயிற்சி நூல். இதெல்லாம் தங்கள் அலுவலகத்தில் இருப்பவர்கள் அறியாததா? அறிந்தும் அந்த வரியை எப்படி விட்டீர்கள்?

ஐகிடோ எங்கிருந்து வந்தது என்பதற்குக் கையெழுத்தே இருக்கிறது. 1915இல் ஹொக்கைடோவில், எங்காரு என்ற ஊரின் சத்திரத்தில், டைதோ-ரியூ என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையின் ஆசான் தகேடா சோகாகுவை உயெஷிபா சந்தித்தார். உயெஷிபாவுக்கு அப்போது வயது 31. ஷிராதகி என்ற இடத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்களோடு இருந்த காலம். தகேடா ஊர் ஊராகப் போய்ப் பாடம் சொன்னவர். யார் வந்து படித்தாலும் பெயரை எழுதி முத்திரை குத்தவேண்டும். கட்டணத்துக்கும் தனிப் பதிவேடு. பொலிஸ்காரர், நீதிபதிகள், படைவீரர்கள் என்று எத்தனையோ பேருடைய பெயர்களோடு உயெஷிபாவின் பெயரும் அந்தப் பதிவேடுகளில் இன்றும் இருக்கிறது.

ஜூடோவைக்கூடக் காஞ்சிக்கு அனுப்பிவிட்டீர்கள். அதை 1882இல் டோக்கியோவில் தொடங்கியவர் கனோ ஜிகோரோ. அவரே 1930இல் உயெஷிபாவின் பயிற்சியைப் பார்த்து, தன் மாணவர்களை அவரிடம் படிக்க அனுப்பினார். அப்படிப் போனவர்களில் ஒருவரான மோச்சிசுகி மினோருதான் 1951இல் இந்தக் கலையைப் பிரான்சுக்கு முதலில் கொண்டுவந்தார். நான் இன்று விழுந்தெழும் பாய்க்கு அந்தக் கலை வந்த வழி இது.

பெயர்களை மறைத்தவர்கள் ஜப்பானிலும் இருந்தார்கள் என்பதை நான் ஒளிக்கவில்லை. போருக்குப் பிறகு எழுதப்பட்ட வரலாறுகளில் தகேடாவின் பங்கு சுருக்கப்பட்டது. ஐகிடோவின் தலைமைப் பயிற்றுநராக இருந்து 1974இல் பிரிந்துபோன தோஹேய் கொய்ச்சியின் பெயரையும் பலர் சொல்லாமல் விட்டார்கள். ஸ்டான்லி பிரானின் என்ற அமெரிக்கர் முதிய மாணவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்து, பெயர்களைத் திரும்பக் கொண்டுவந்தார். அதற்கே ஒரு ஆயுள் போனது. தாங்களோ ஒரே வரியில் எல்லாரையும் அழித்துவிட்டீர்கள்.

கட்டுரையின் இன்னொரு வரி "பெண்களுக்கும் பலமற்றோருக்கும் ஏற்ற மென்மையான கலை" என்கிறது. இரண்டாம் வருடம் என் தோள்பட்டை எலும்பு முறிந்தது. நாலு மாதம் கழித்துத் திரும்பிப் போய் முதல் நாளே விழப் பழகினேன். உயெஷிபா 1931இல் டோக்கியோவில் திறந்த கொபுகான் பயிற்சிக்கூடத்தை அக்காலத்தவர் நரகக் கூடம் என்றுதான் அழைத்தார்கள். அங்கே ஆண்களோடு சமமாக விழுந்தெழுந்தவர் குனிகோஷி தகாகோ என்ற பெண். 1933இல் மாணவர்களுக்கென்று வந்த கையேட்டின் படங்களை வரைந்ததும் அவரே. அவரைப் பற்றி ஒரு சொல் எழுத இடமில்லாமல் போய்விட்டதா?

இதே குறை எனக்குப் பழையது. எங்கள் தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழாவில் நானும் இரண்டு பிள்ளைகளும் மேடையில் இக்கியோ, ஷிஹோநாகே என்ற ஐகிடோப் பிடிகளைச் செய்துகாட்டினோம். அறிவிப்பாளர் "எங்கட தமிழச்சியின் கராத்தே" என்றார். இறங்கிப்போய்த் திருத்தினேன். அடுத்த மாதம் தங்கள் இதழில் படம் வந்தபோது அடியில் அதே "கராத்தே". கடிதம் எழுதினேன், திருத்தம் வரவில்லை. இங்கே பிரான்சில் ஐகிடோக்காரர்கள் 1980களின் தொடக்கத்திலிருந்து இரண்டு கூட்டமைப்புகளாகப் பிரிந்து நிற்பதையும், ஒரே கலையைப் பழகும் பக்கத்து ஊரவரோடு சேர்ந்து பழகவே நாங்கள் தயங்குவதையும், அதில் தமிழ்ப் பிள்ளைகள் படும் அலைச்சலையும் பற்றி எழுதுங்கள் என்று கேட்டு இன்னொரு கடிதம் போட்டேன். அதற்கும் பதில் இல்லை.

கொபுகானைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1942இல் உயெஷிபா இவாமா கிராமத்துக்குப் போய்விட, கூடத்தின் பொறுப்பு வசெடா பல்கலைக்கழக மாணவனாக இருந்த மகன் கிஷ்ஷோமாருவிடம் வந்தது. குண்டுவீச்சில் அயல் எரிந்தபோது தண்ணீர் ஊற்றி அந்தக் கூரையைக் காப்பாற்றினார். பிறகு வீடிழந்த குடும்பங்கள் பயிற்சிப் பாய்களின் மேலேயே படுத்துச் சமைத்து வாழ்ந்தன. அவர்களை அவர் வெளியேற்றவில்லை. பகலில் ஒரு பங்குவணிக நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே பயிற்சியை மெல்ல மெல்லத் திரும்பத் தொடங்கினார். 1990இல் மட்டக்களப்பில் ஒரு பாடசாலை வகுப்பறையில், கரும்பலகையின் கீழ், அம்மாவோடு ஐந்து கிழமை படுத்தவள் நான். அந்தக் கூடத்தின் கதையை என் ஆசிரியர் சொன்ன நாளில் உடைமாற்றும் அறைக்குப் போய் அழுதேன்.

என் அம்மப்பா சிலம்பம் வீசியவர். சிறுவயதில் முற்றத்தில் பார்த்திருக்கிறேன். அவருக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணாவியாரை "பெரியவர்" என்றே சொல்லுவார். பெயர் கேட்டு வைக்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது அம்மப்பாவும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. இலங்கையின் கிழக்கில் சீனடி, சிலம்படி என்ற சண்டைக் கலைகள் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பெயர் கேட்டு எழுத ஒரு நிருபரை அனுப்பாத தாங்கள், இன்னொருவர் முத்திரை குத்தி வைத்த பதிவேட்டை எங்களுடையது என்று எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தக் கட்டுரை முழுவதையும் திரும்ப எழுதும்படி நான் கேட்கவில்லை. அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில், ஐகிடோவை உருவாக்கியவர் மோரிஹெய் உயெஷிபா, அவருக்கு டைதோ-ரியூ கற்பித்தவர் தகேடா சோகாகு என்று எழுத்துப் பிழையில்லாமல் இரண்டு வரி போடுங்கள். வெட்டி எடுத்து எங்கள் மண்டபத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுக்கவேண்டும்.

தங்கள் வாசகி,
லா கூர்னேவ், பிரான்ஸ்