சோளிங்கர் சண்டையில் என்ஃபீல்டு ஏது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய போர்த் துப்பாக்கிகளைச் சேகரிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 1781 சோளிங்கர் சண்டையில் சுட்டதென்று ஓர் என்ஃபீல்டு ரைபிளின் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். அந்த ரகம் வந்ததே 1853-ல். ஹைதர் அலியை எதிர்த்து ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படை தூக்கி வந்தது சக்கிமுக்கிக் கல்லில் பொறி தட்டும் மஸ்கட். குழலுக்குள் வரி, அதாவது குண்டைச் சுழலவைக்கும் பள்ளம், கிடையாது. வாய் சுமார் முக்கால் அங்குலம்.

நகரி, சித்தூர்ப் பக்கம் பழம்பொருள் விற்பவர்களிடம் எதைக் கேட்டாலும் ஹைதர் காலத்துச் சரக்குதான் என்பார்கள். கேப்பு (அடித்தால் தீப்பொறி விடும் சின்ன உலோகக் குப்பி) வைத்துச் சுடும் துப்பாக்கி பிரிட்டிஷ் படைக்கு வந்ததோ 1830-களின் கடைசியில். கல் துப்பாக்கியைப் பிறகு கேப்புக்கு மாற்றியதும் உண்டு. அப்படி மாற்றியிருந்தால் சுடும் விசை பொருத்திய பக்கத்தகட்டில் பழைய திருகுத் துளைகளை அடைத்த தடம் இருக்கும். தடமே இல்லையென்றால் கதையை நம்ப வேண்டாம்.

என்ஃபீல்டின் குழலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். 1853 ரகத்தில் மூன்று வரிகள் சுழன்று போகும். வெளித்தோற்றம் அதே, உள்ளே வழவழப்பு என்றால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு வரி நீக்கிய குழலைத்தான் கொடுத்தார்கள். நம் பக்கத்து வரலாறு அதில்தான் அதிகம்.

விக்டோரியா காலத்து பிரிட்டிஷ் ரைபிளான மார்ட்டினி-ஹென்றியில் கள்ளச்சரக்கு ஏராளம். கைபர் கணவாய்ப் பட்டறைகளில் செய்தவற்றில் என்ஃபீல்டு என்ற ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கும். விக்டோரியா முத்திரைக்குக் கீழே 1901-க்குப் பிந்திய ஆண்டு இருந்தால் பேச்சே வேண்டாம். ராணி இறந்தது அந்த ஆண்டு ஜனவரியில்.

முதல் உலகப்போரின் லீ-என்ஃபீல்டில் போல்ட் (தோட்டாவைத் தள்ளி அடைக்கும் தண்டு), குழல், மூக்குமூடி (முன்முனையில் உள்ள உலோக மூடி) மூன்றிலும் ஒரே எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அடிக்கட்டையில் உள்ள பித்தளை வட்டில் படைப்பிரிவின் பெயர் இருக்கலாம். ஒரே திருகில் கழன்றுவிடும் வட்டு அது. அதை மட்டும் வைத்துப் போர்க்களத்தை முடிவு செய்யக் கூடாது.

கட்டுரையில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி நூறாண்டாகச் சுவரில் தொங்கினாலும் உள்ளே மருந்து இருக்கலாம். ஈரம் படாத கருமருந்து கெடாது. வாய்க்கு நேராக நிற்காமல், மரக்குச்சியை உள்ளே விட்டு, நிற்கும் இடத்தில் குழல் வாயோடு ஒரு கோடு போடுங்கள். குச்சியை எடுத்துக் குழலின் வெளிப்புறம் வைத்தால், நுனி தீத்துளைக்கு (பொறி உள்ளே போகும் துளைக்கு) அருகே வரவேண்டும். ஓரிரு அங்குலம் முன்னாலேயே நின்றால் கெட்டித்தது என்றே கொள்ளுங்கள். குடையவோ சூடாக்கவோ கூடாது, காவல்நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

துருவை உப்புத்தாளால் தேய்க்கக் கட்டுரையில் சொன்னது பெரிய கேடு. துருவோடு முத்திரையும் போய்விடும், மதிப்பும் அதோடு போயிற்று. மிக மெல்லிய, நான்கு சுழி எஃகுப் பஞ்சில் லேசான எண்ணெய் தொட்டு, முத்திரை உள்ள இடத்தைத் தவிர்த்துத் துடைத்தால் போதும். மரத்துக்கு வார்னிஷ் வேண்டாம், ஆளி விதை எண்ணெய் ஒரு மெல்லிய பூச்சு. தோலுறையில் போட்டு வைத்தால் தோல் ஈரத்தைப் பிடித்து இரும்பைத் தின்னும்.

சட்டத்தையும் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். 1959 ஆயுதச் சட்டம் 45-ஆம் பிரிவின் விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசியைக் கழற்றி வைத்த லீ-என்ஃபீல்டு அதில் அடங்காது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நகரி, ஆந்திரம்