ஈயின் முகத்தையும் எடுத்து அனுப்பு

அன்புள்ள சொக்கு,

நலம்தானே? தேவகோட்டையில் இன்னும் மழை இல்லை, வீட்டில் ஓடு மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது, மற்றபடி சுகம்.

கானாடுகாத்தான் ஊரணிக் கரையில் நீ எடுத்த படங்களைப் பார்த்தேன். கிணற்றடிப் பூண்டுப் பூவில் உட்கார்ந்திருப்பதைத் தேனீ என்று எழுதியிருக்கிறாய், அது ஈ. தேனீக்கு நான்கு இறக்கை, உணர்கொம்பும் நீளம். இதற்கு இரண்டே இறக்கை, உணர்கொம்பு இருப்பதே தெரியாது. கண்ணைப் பெரிதாக்கிப் பார், வெளிர் மஞ்சளில் வரிவரியாக ஓடுகிறது. பூவுக்கு வரும் ஈயில் இப்படி ஒரு கண்ணைப் பார்த்தால் பெரும்பாலும் எரிஸ்டாலினஸ்தான், தேனீ மாதிரித் தெரிகிற பூ ஈக்களில் ஒரு வகை. இரண்டு கண்ணும் உச்சியில் ஒட்டியிருக்கின்றன, அதனால் ஆண். இதன் புழு கலங்கிய தண்ணீரில் கிடந்து வால் மாதிரி ஒரு குழாயை மேலே நீட்டி மூச்சுவிடும், ஊரணி அதற்குத் தோதான இடம்தான்.

மாட்டு ஈ படம் அருமை! அந்தக் கண்ணில் மின்னும் பட்டைகள் ஈ செத்துக் காய்ந்ததும் மங்கிவிடும். ஊசி குத்திப் பெட்டியில் வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்காத அடையாளம் உன் போனில் இருக்கிறது, அதை அழித்துவிடாதே.

உப்புக்கண்டத்தில் மொய்த்த ஈதான் சிக்கல். வயிற்றில் சாம்பலும் கறுப்புமாகக் கட்டம், முதுகில் மூன்று கறுப்புக் கோடு. வீட்டு ஈக்கு நான்கு கோடு இருக்கும், ஆகவே இது சதை ஈ, முட்டைக்குப் பதிலாக நேரே புழுவையே இடுகிற கூட்டம். படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் ஆப், இனம் வரைக்கும் முழுப் பெயரே சொல்லிவிட்டது என்கிறாய், அதை நம்பாதே. இவற்றில் ஆணின் பிறப்புறுப்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் பெரும்பாலும் இனம் பிரிக்கிறார்கள், முதுகுப் படத்தில் அது எங்கே தெரியப்போகிறது? சதை ஈக் குடும்பம் என்பதோடு நிறுத்திக்கொள்வதில் ஒரு குறைச்சலும் இல்லை. தப்பான முழுப் பெயரைப் போட்டு வைத்தால் பின்னால் வருபவனும் அதைப் பார்த்தே பெயர் வைப்பான், எனக்கு அதுதான் பெரிய கவலை.

அப்புறம், முதுகை மட்டும் எடுக்காதே. முகம், பக்கவாட்டு, வெளிச்சம் ஊடுருவும்படி இறக்கை, மூன்றும் வேண்டும். எரிஸ்டாலினஸ் வகையறாவின் இறக்கை நடுவில் எந்த நரம்போடும் சேராமல் ஒரு பொய் நரம்பு ஓடும், அது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. காலையில் வெயில் ஏறுமுன் போ, ஈ மந்தமாக இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நரம்பெல்லாம் குழைந்துவிடுகிறது, டாக்குமெண்டாக அனுப்பு, இடமும் தேதியும் சேர்த்து.

நீ அனுப்பியதில் ஒரு பச்சை ஈ இருந்ததே, அதற்குக் கன்னம் தெரிகிற படம் இருக்கிறதா என்று தேடிப் பார். ஆரஞ்சாக இருந்தால் கிரைசோமியா என்கிற பச்சை ஈ வகையின் பக்கம் போகலாம்.

ஆச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முத்து