பாறையேறும் பக்கி வண்டி: குழாய் வாங்குவதற்கு முன் உறுப்பினர்கள் கவனத்திற்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நாம் கட்டவிருக்கும் பாறையேறும் வண்டியின் சேஸிஸுக்கு (உடற்சட்டத்துக்கு) வேண்டிய குழாய் வாங்கும் முன்பே டயர், ஆக்சில், இன்ஜின் மூன்றையும் முடிவு செய்தாக வேண்டும். சேஸிஸ் அவற்றைச் சுற்றி அமைய வேண்டுமே தவிர, அழகான கூண்டைக் கட்டிவிட்டுப் பாகங்களை அதற்குள் திணிக்கக் கூடாது.

இவ்வகை வண்டிக்குக் குதிரைத்திறனைவிட கியர் விகிதமே உயிர் என்பது என் உறுதியான கருத்து. சுசூகி சாமுராய் என்ற சிறிய நான்கு சக்கர இயக்க வண்டியை எடுத்துக்கொண்டால், முதல் கியர் 3.652, டிரான்ஸ்பர் கேஸின் (விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டியின்) லோ கியர் 2.268, ஆக்சில் 3.727; மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 31 வருகிறது; அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற இன்ஜின் ஏறக்குறைய 31 முறை சுற்றும். லோ கியரை மட்டும் 4.16 ஆக மாற்றினால் அது 56-ஐத் தாண்டிவிடும். அப்போது சக்கரம் பாறை விளிம்பைக் கவ்வி, கிளட்ச் தேயாமல், அங்குலம் அங்குலமாக ஏறும். பெருகிய முறுக்குவிசை முழுவதும் ஆக்சில் ஷாஃப்டில்தான் இறங்கும் என்பதால் அதையும் வலுவானதாக மாற்றியே தீர வேண்டும். இச்செலவைத் தவிர்க்க வழியில்லை.

குழாய்களை முதலில் ஆங்காங்கே புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து நிறுத்தி, ஸ்பிரிங்குகளைக் கழற்றி, சஸ்பென்ஷனை மேலும் கீழும் முழு அளவுக்கு அசைத்து, டயரோ புரொப்பெல்லர் ஷாஃப்டோ (ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டோ) எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்த பிறகே முழு வெல்டிங் செய்யப்படும்.

டயர் அளவு, இன்ஜின் குறித்த உங்கள் கருத்துகளை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் இக்குழுவில் பதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.