60 வயதில் நிறுத்தப்பட்ட தரங்கம்பாடி ரயில்

தெற்கு ரயில்வே பொது மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் ஓடியது என்று இன்றைய கல்லூரிப் பிள்ளைகளிடம் சொன்னால், டேனிஷ்காரர்கள் காலத்திலா என்று கேட்கிறார்கள். அவர்கள் 1845இலேயே ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ரயில் வந்தது 1926இல். நின்றது 1986இல்.

மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், அப்புறம் கடல். சுமார் 30 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை. திருக்கடையூரில் ஊர் உலகமெல்லாம் வந்து அறுபதாம் கல்யாணம் செய்துகொள்கிறது. அந்த ஊர் வழியே போன ரயிலுக்கு மட்டும் 60 வயதில் காரியம் செய்து முடித்துவிட்டார்கள்.

தில்லையாடி என்றால் வள்ளியம்மையின் பூர்வீக ஊர். தரங்கம்பாடி என்றால் 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்திறங்கித் தமிழில் அச்சுவேலை பார்த்த ஊர். இதையெல்லாம் காட்டி ரயில் கேட்பவர்கள் நிறையப் பேர். நான் அப்படிக் கேட்கவில்லை. சுற்றுலா வரும், போகும். மன்னம்பந்தல் கல்லூரிக்கு அந்த ரயிலில் சீசன் டிக்கெட் வைத்துப் போனவன் நான். என்னோடு பெட்டியில் இருந்தவர்கள் கோட்டை பார்க்க வந்தவர்கள் இல்லை. மீன் கூடையோடு வந்த அம்மாக்கள், கோர்ட்டுக்கும் தாலுகா ஆபீசுக்கும் போனவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற கூட்டம். கடலை நோக்கிப் போன பாதைதான், ஆனால் முக்கால்வாசிப் பேர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனவர்கள்.

அந்த நாளில் கிளைப் பாதைகளை மூடும்போதெல்லாம் சொல்லப்பட்ட காரணம் நஷ்டம். சரி, நஷ்டம்தான் என்றே வைத்துக்கொள்வோம். சீசன் டிக்கெட்காரனால் எந்த ரயிலும் லாபம் பார்த்ததில்லையே! சென்னைப் புறநகர் ரயிலை அந்தக் கணக்கில் யாரும் எடைபோடுவதில்லை. கிராமத்து ரயிலுக்கு மட்டும் ஏன் வேறு தராசு?

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் ரயில் சும்மா வந்துவிடவில்லை. தஞ்சாவூர் ஜில்லா போர்டு மக்களிடம் ரயிலுக்கென்றே வரி வசூலித்து, 1894இல் மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை) - முத்துப்பேட்டை பாதையைப் போட்டது. கையிலிருந்து காசு கொடுத்து ரயில் வாங்கிய சீமை இது.

இன்றைக்கு நிலவரமும் மாறியிருக்கிறது. மயிலாடுதுறை 2020இல் தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ் எங்கே இருக்கிறது தெரியுமா? மன்னம்பந்தலில். பழைய பாதையில் மயிலாடுதுறை தாண்டியதும் வரும் ஊர். தரங்கம்பாடித் தாலுகாக்காரர் மனு கொடுக்கக் கிளம்பினால், பழைய ரயில் போன வழியிலேயே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார். பக்கத்தில் பேரளம் - காரைக்கால் பாதையும் எங்களுடையதைப் போலவே மீட்டர்கேஜ் காலத்தில் மூடப்பட்டதுதான். அதை அகலப் பாதையாகத் திரும்பப் போட முடிந்திருக்கிறது.

நாளைக்கே ரயில் விடுங்கள் என்று அடம்பிடிக்கவில்லை. இரண்டு காரியம் செய்யுங்கள். பழைய பாதை நிலத்தில் ரயில்வே கையில் மிச்சமிருப்பதை அளந்து கல் நடுங்கள். வீடும் ரோடும் ஏறிவிட்டால் அப்புறம் பேசிப் பயனில்லை. அடுத்து, பயணிகள் கணக்கெடுக்க ஆள் அனுப்பும்போது சித்திரை மாத விடுமுறையில் தரங்கம்பாடிக் கடற்கரைக்கு அனுப்பாதீர்கள். பள்ளி, கல்லூரி நடக்கிற ஒரு திங்கட்கிழமை காலை 8 மணிக்குச் செம்பனார்கோவில் பஸ் நிறுத்தத்தில் நிற்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய சீசன் டிக்கெட்காரன் ஒருவன்