ஒன்றேகால் அடி

கும்பகோணம்,
9-2-2025

அன்புள்ள சுந்தரம்,

நவம்பரில் நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் போடுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. அம்மா நன்றாக இருக்கிறாள், என்னைவிட நன்றாக. உன் சம்பந்தி விவகாரம் என்ன ஆயிற்று? ஃபோனில் கேட்டால் மழுப்புவாய், எழுத்தில் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். வீடு கட்டப்போகிறேன். சிரிக்காதே. ஊருக்கெல்லாம் நானூறு வீட்டுக்குமேல் பிளான் போட்டவன் அறுபது வயதில் தன் வீட்டுக்கு முதல் கோடு இழுக்கிறான். 1998-இல் வாங்கினேனே, ரயில் லைனுக்கு அந்தப் பக்கம், 'தண்ணி நிக்கிற இடத்துல மனை வாங்குறவன் சிவில் படிச்சவனாடா' என்று நீ கேட்டாயே, அதே மனைதான். அங்கீகாரம் இல்லாத மனை என்று 2016-இல் பத்திரப்பதிவே நின்றுபோனபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு 20-10-2016-க்கு முன் பதிவானவற்றை வரன்முறை செய்துகொள்ளலாம் என்றார்கள். வரிசையில் நின்று, பணம் கட்டி, அதை முடித்தேன். ஆக, காகிதம் சுத்தம்.

இப்போது பிளான் அப்ரூவல் எவ்வளவு சுலபமாகிவிட்டது தெரியுமா? நாம் அம்மோனியா நாற்றத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நாலு செட் பிரிண்ட் எடுத்து, கட்டாகக் கட்டி, மேஜை மேஜையாக அலைந்த காலம் போய்விட்டது. 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ என்றால், பத்திரம், பட்டா, பிளான் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி, 'நான் சொல்வதெல்லாம் சரி' என்று நாமே உறுதி கொடுத்துப் பணம் கட்டினால் அனுமதி கைக்கு வந்துவிடுகிறது. முன்கூட்டி யாரும் இடத்தைப் பார்க்க வருவதில்லை. ஒரே வாரத்தில் முடித்துவிடுவேன் என்று வீட்டில் ஜம்பம் அடித்தேன்.

அதற்குப் பிறகுதான் டேப் பிடித்தேன்.

பத்திரத்தில் கிழமேல் 30, தென்வடல் 40. வடக்கே இருபதடி ரோடு. மாப்பிள்ளை ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார். ரோட்டுப் பக்கம் சரியாக 30. மேற்கே 40. கிழக்கே 40, நூல் பிசகவில்லை. மூலைவிட்டம் எதற்கு மாமா, வெயிலாக இருக்கிறதே என்றார். கட்டை வாத்தியாரிடம் படித்த கை சும்மா இருக்குமா? முப்பதுக்கு நாற்பது என்றால் மூலைக்கு மூலை ஐம்பது வரவேண்டும். ஒன்று ஐம்பது வந்தது. இன்னொன்று 49 அடி 3 அங்குலம். டேப் தொய்ந்திருக்கும் என்று இழுத்துப் பிடித்து மறுபடி அளந்தோம். அதே 49 அடி 3 அங்குலம். முள்ளுச்செடியை வெட்டிவிட்டுப் பின்பக்க அகலத்தை அளந்தால் 28 அடி 9 அங்குலம். தென்கிழக்கு மூலையில் ஒன்றேகால் அடியைக் காணோம். கிழக்கு வீட்டுச் சுவர் முன்னால் ஒழுங்காகப் புறப்பட்டு, போகப் போக என் பக்கம் சாய்ந்திருக்கிறது. நாற்பதடி நீளத்தில் ஒன்றேகால் அடி என்பது கண்ணுக்குத் தெரியாது. ரோட்டில் நின்று பார்த்தால் நேர்ச்சுவர் என்றுதான் நீயும் சொல்வாய்.

பரப்பில் இருபத்தைந்து சதுர அடி போச்சு. 1,200 என்பது 1,175. பாய் விரிக்கிற இடம்தான். ஆனால் போன மூலை எது பார், அக்னி மூலை. சரோஜா சமையலறைக்கு என்று இருபத்தாறு வருஷமாகக் குறித்து வைத்திருக்கிற மூலை. பக்கத்தில் விடவேண்டிய இடத்தை விட்டுப் பார்த்தால் ஒன்பதடி அகலம் ஏழே முக்கால் ஆகிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பில் சமையலறைக்கு 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் இருந்தால் போதும், நமக்கு அதைவிடத் தாராளமாகவே இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "அதை எழுதினவர் எந்த வீட்டுல நின்னு தோசை சுட்டாராம்?" என்றாள். பதில் இல்லை.

இது வரைக்கும் கோபம்தான் இருந்தது. கிழக்கு வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், மரியாதையான மனுஷர். எப்படி ஆரம்பிப்பது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். காப்பி கொடுத்தார். சொன்னேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து, அதிலிருந்து நாலாக மடித்த நீல பிரிண்டை எடுத்து என் முன்னால் விரித்தார். மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியிருந்தது. வலது கீழ் மூலையைத் தொட்டு, "இது உங்க கையெழுத்துதானே சார்?" என்றார்.

என் கையெழுத்துதான். 2003. அந்த வீட்டுக்குப் பிளான் போட்டவன் நான்தான், சுந்தரம். சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

அவர் குத்திக்காட்டவில்லை. பிளானில் இருக்கிறபடிதானே மேஸ்திரி கட்டினார், தப்பு எங்கே நடந்தது என்று என்னிடமே கேட்கிறார். படத்தைப் பார்த்தால் எல்லாம் நேர்கோடு, நாலு மூலையும் செங்கோணம், 30-க்கு 40. அந்த வருஷம் எனக்கு எவ்வளவு வேலை என்று உனக்குத் தெரியும். பத்திர நகலைப் பார்த்து மேஜையிலேயே போட்ட பிளான் அது. இடத்துக்குப் போகவில்லை, கயிறு கட்டின அன்றும் போகவில்லை. என் சொந்த மனை பக்கத்தில் கிடக்கிறதே, அந்தச் சாக்கிலாவது எட்டிப் பார்த்திருக்கலாம். மேஸ்திரி முன்னாலிருந்த எல்லைக்கல்லைப் பிடித்துக்கொண்டு, பின்னால் குத்துமதிப்பாகக் கயிறு இழுத்திருக்கிறார். படத்தின் ஓரத்தில் மழைநீர்த் தொட்டிக்கு அழகாக ஒரு வட்டம் வேறு போட்டிருக்கிறேன். அந்த வருஷம்தான் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று ஆணை வந்தது, ஞாபகம் இருக்கிறதா? வட்டம் இருந்தால்தான் பிளான் பாஸாகும். அவரிடம் கேட்டேன், தொட்டி எங்கே சார் என்று. "எந்தத் தொட்டி?" என்றார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்த மாதிரி எத்தனை வட்டம் போட்டிருப்பேன்? எத்தனை பிளானில் பக்கவாட்டு இடத்தைக் காட்டிவிட்டு, கட்டும்போது சுவரோடு சுவர் வைத்துக்கொள்ளுங்கள் என்று கண்ணடித்திருக்கிறேன்? எல்லோரும்தானே செய்தோம் என்று நீ சொல்வாய். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போஸ்ட் மாஸ்டர் அந்த மூலைச் சுவரை ஆதாரமாக வைத்துக் குளியலறை கட்டியிருக்கிறார். "இடிச்சுடட்டுமா சார்?" என்று கேட்கிறார், எழுபத்தெட்டு வயதில். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சரோஜாவைக் கேட்காமல் சொன்னேன். அதற்குத் தண்டனையாக நாலு நாளாகச் சோறு மேஜையில் இருக்கிறது, ஆள் பேசுவதில்லை. சர்வேயரைக் கூப்பிடு, அளந்து கல் நடு என்கிறார் மாப்பிள்ளை. நியாயம்தான். கூப்பிடவும் போகிறேன். ஆனால் சர்வேயர் வந்து கல்லை அங்கே நட்டாலும் சுவர் இங்கேதானே நிற்கும்?

சரி, பிளானுக்கு வருகிறேன். பட்டாவில் உள்ள அளவைப் போட்டு மறுபடியும் ஒரு செவ்வகம் வரைந்து ஏற்றினால் யாரும் கேட்கப்போவதில்லை. கை அப்படித்தான் பழகியிருக்கிறது. முடியவில்லைடா. இடத்தில் இருப்பதையே அளவாக வைத்துப் போட்டிருக்கிறேன். ரோட்டுப் பக்கம் ஒன்றரை மீட்டர் விட்டாயிற்று. திண்ணை வேண்டும் என்று அம்மா ஒரே பிடிவாதம். அந்தக் காலி இடத்தைத் தொடாமல் ஹாலிலிருந்து மூன்றடி வெட்டித் திண்ணை கொடுத்தேன். அவள் குளியலறைக்குப் படி கிடையாது, மூன்றடிக் கதவு, வெளிப்பக்கம் திறக்கும். விழுந்தால் கதவை உடைக்காமல் தூக்கவேண்டுமே.

கையால் வரைந்ததைக் கம்ப்யூட்டரில் 'கேட்' (CAD) படமாகப் போட பெரிய தெருவில் ஒரு கடைக்குக் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். நான் மூன்று நாள் மல்லாடியதை முக்கால் மணியில் முடித்துவிட்டாள். நடுவில் நிறுத்தி, "சார், ஈஸ்ட் பவுண்டரி லைன் கொஞ்சம் சாய்வா போகுது. கை தவறியிருக்கும்போல. நேராக்கிடட்டுமா?" என்றாள். வேண்டாம்மா, அப்படியே இருக்கட்டும் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

பிரிண்ட் இத்துடன் வைத்திருக்கிறேன். மாடிப்படியை மட்டும் நீ பார்த்துச் சொல். தளத்துக்குத் தளம் பத்தரை அடி, ஏழு அங்குலத்தில் பதினெட்டு ஏற்றம், பத்து அங்குல மிதி, நடுவில் திரும்புகிறது. திரும்புகிற இடத்தில் தலை இடிக்குமோ என்று ஒரு சந்தேகம். செட்டியார் வீட்டுப் படியை நீ போட்டதிலிருந்து இந்த விஷயத்தில் உன்னைவிட அனுபவஸ்தன் யாருமில்லை. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு இறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சித்திரை 10 வாஸ்து நாள், அன்றைக்குப் பூமி பூஜை என்று முடிவாகியிருக்கிறது. இரண்டு நாள் முன்னதாகவே வா. கயிறு கட்டும்போது டேப்பின் மறுநுனியை நீ பிடிக்கவேண்டும், மாப்பிள்ளைக்கு வெயில் ஆகாது. பிளான் வரைகிற என் மினி டிராஃப்டர் உன்னிடம்தான் இருக்கிறது, 1991-இலிருந்து. அதையும் கொண்டுவா. வரும்போது சரோஜாவுக்கு ஒரு ஃபோன் போட்டு ஏதாவது சொல், நீ சொன்னால் கேட்பாள்.

உன்,
ராமு