தாய்மாமனுக்குக் கடைசி வரிசையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற மாதத் திருமணச் சிறப்பிதழில் மணமகள் மண்டபத்துக்குள் நடந்து வரும் முறையை எழுதியிருந்தீர்கள். பூத்தூவும் சிறுமி, மோதிரம் ஏந்தும் சிறுவன், தோழிப்பெண்கள், தகப்பனார் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "தாய்மாமன் விரும்பினால் கடைசியில் நடந்து வரலாம்" என்று முடித்திருந்தீர்கள். விரும்பினால்! தங்கள் பெருந்தன்மைக்கு நன்றி.

நான் விரும்பிப் பார்த்துவிட்டேன், ஐயா. பிப்ரவரியில் என் அக்கா மகளுக்கு இங்கே டர்பன் சாட்ஸ்வொர்த்தில் கல்யாணம். மாமன் மாலையோடு மண்டப வாசலில் நின்றேன். காதில் ஒலிக்கருவி மாட்டிய பெண் ஒருத்தி என் தோளைத் தொட்டு, "அங்கிள், நீங்கள் ஆறாவது ஜோடிக்குப் பின்னால்" என்றாள். ஆறு ஜோடிகளும் கேமராவுக்காக நின்று நின்று நடந்தன. நாதஸ்வரக்காரரை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் மூலையில் சீவாளியை வாயில் நனைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கியில் வந்தது ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் மெட்டு. 1850-இல் மேடையேறிய அவருடைய இசைநாடகத்தில், கல்யாணம் முடிந்து மணமக்களைப் பள்ளியறைக்கு அழைத்துப் போகும்போது பாடுகிற பாட்டு அது. இங்கே தாலி ஏறுவதற்கு முன்பே போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை 12 மணிக்கு எமகண்டம் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெண் மணவறை ஏறியபோது மணி 11.52. குருக்கள் பாதி மந்திரத்தை விழுங்கினார். மாலை என் கையிலேயே இருந்தது. மணவறைப் பக்கத்திலிருந்து அக்கா என்னைப் பார்த்த பார்வையை எந்தச் சிறப்பிதழில் போடுவீர்கள்?

தகப்பன் மகளைக் கைப்பிடித்து வருவதை நான் குறை சொல்லவில்லை. என் மகள் கிறிஸ்தவ வீட்டில் வாழ்க்கைப்பட்டாள். தேவாலயத்தில் நான்தான் அவளை அழைத்துப் போனேன். பாதிரியார் மெதுவாக நடக்கச் சொன்னார், மெதுவாக நடந்தேன். அவர்கள் இடம், அவர்கள் முறை. என் மைத்துனனுக்கு அங்கே ஓர் இடம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

1913 மார்ச் 14-இல் இந்தத் தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் சொன்ன தீர்ப்பால் நம் முறைப்படி நடந்த கல்யாணங்களே செல்லாது என்றாயிற்று. அதை எதிர்த்து நம் பெண்கள் சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஒருத்தியான வள்ளியம்மை 16 வயதில் உயிரை விட்டாள். 1914-இல்தான் சட்டம் இறங்கி வந்து நம் கல்யாணங்களை ஏற்றது. இதையெல்லாம் வருடந்தோறும் படத்தோடு போடுகிறவர் தாங்கள். அதே இதழில்தான் தாய்மாமன் 'விரும்பினால்' வருகிறான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கோயில் கும்மியைப் பற்றி மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். நான்கு வரி வந்தது, என் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு. அதற்கு இதுவரை வருத்தம் தெரிவித்ததாக நினைவில்லை. போகட்டும்.

அடுத்த இதழில் ஒரே ஒரு வரி போதும்: மணவறைக்குப் பெண்ணை மாலையிட்டு அழைத்து வருகிறவன் தாய்மாமன். எங்கே போட்டாலும் சரி, எழுத்து மட்டும் கண்ணுக்குத் தெரியட்டும். செப்டம்பரில் அக்காவின் இளைய மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தங்கள் சிறப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச வருகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்,
டர்பன்.